நாலடிக் கதவு

அந்த போட்டோவைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க, பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பாக்கறது மரியாதை இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்க ஹெதர்லி பங்களாவை எடுத்திருக்கீங்க. பெருசு பண்ணுங்க. இன்னும். ஆங், போதும்.

முகப்பை எடுத்திருக்கீங்க, மர ஜாலரை எடுத்திருக்கீங்க, அந்தத் துருத்திக்கிட்டு நிக்கற ஜன்னலை எடுத்திருக்கீங்க. எல்லாரும் எடுக்கறதுதான். இதோ, வலது ஓரத்துல, சுவத்தடியில, ஒரு சின்னக் கதவு பாதி மட்டும் படத்துல விழுந்திருக்கு பாருங்க. இதைப் பத்தி உங்க கைடு ஏதாவது சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு என்ன தெரியும், போன சீசன் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல வர்க்கி வித்தவன்.

கதவுக்குப் பக்கத்துல செங்கல் குவிச்சிருக்கே, தெரியுதா? அதுக்காகத்தான் நான் இந்த பஸ்ல உக்காந்திருக்கேன். புதன்கிழமை அங்க அஸ்திவாரம் தோண்டப் போறாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கோயமுத்தூர்ல மேல்முறையீட்டு மனுவைக் குடுத்தா நிறுத்திடலாம். இன்னிக்குத்தான் கடைசி நாள். இங்க என்னடான்னா இவன் கொண்டை ஊசி வளைவுல லாரி ஆக்ஸிலை ஒடிச்சுக்கிட்டு நிக்கறான். மலை ரோடு தெரியாதவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தா இப்படித்தான். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? நல்லது.

என் பேர் கோதண்டபாணி. பொதுப்பணித் துறையில முப்பத்தி நாலு வருஷம், செயற்பொறியாளரா ரிடையர் ஆனேன். எங்க ஊர்ல பழங்கட்டடக் குழுன்னு ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து வீட்ல யாராவது ஒரு சுவரை இடிக்கணும், ஒரு ரூம் சேக்கணும்னா எங்களைக் கேக்காம முடியாது. அஞ்சு பேர் குழு. அஞ்சு பேர்னு பேரு. ஒருத்தர் எஸ்டேட் முதலாளி, கூட்டத்துக்கு வந்து தூங்குவார், டீ வந்தா முழிச்சுக்குவார். ஒரு சரித்திரப் பேராசிரியை அம்மா, கடைசியா யார் பேசினாங்களோ அவங்க பக்கம் தலையாட்டுவாங்க. ஒரு ஆர்க்கிடெக்ட், ஓட்டல்தான் கட்டியிருக்கார், எந்த வீட்டைப் பாத்தாலும் ரிசப்ஷன் எங்க வைக்கலாம்னு யோசிப்பார். அப்புறம் தலைவரா ஒரு அதிகாரி, ஆறு மாசத்துக்கு ஒருத்தர் மாறுவார். மிச்சம் நான். குழுன்னா நான்தான். பதினோரு விதி இருக்கு எங்களுக்கு, பதினொண்ணும் நான் உக்காந்து எழுதினது.

பெருமைக்குச் சொல்லலை. உள்ளதைச் சொல்றேன்.

ஹெதர்லி 1879ல கட்டினது. பிளண்டல் துரை கட்டினார். இப்ப அது யார் கையில இருக்கு தெரியுமா? எப்சிபான்னு ஒரு அம்மா. மஸ்கட்ல இருபத்தாறு வருஷம் நர்சு. திரும்பி வந்து பங்களாவையே வாங்கிட்டா. வாங்கட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா அவங்கம்மா அந்த வீட்ல என்ன வேலை பாத்தான்னு ஊருக்கே தெரியும். நான் ஜாதி பாக்கறவன் இல்லை தம்பி, என் சர்வீஸ்ல எத்தனையோ பேரோட சமமா உக்காந்து காபி சாப்பிட்டிருக்கேன். இருந்தாலும் ஒரு வீட்டோட அருமை தெரியறதுக்கு ஒரு பழக்கம் வேணும் பாருங்க. பரம்பரையா அந்த மாதிரி இடத்துல புழங்கியிருக்கணும். எனக்கும் பரம்பரையா இல்லைதான், எங்கப்பா அவினாசியில மளிகைக் கடை. அது வேற விஷயம். நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன்.

போன சித்திரையில மனு போட்டா. வீட்டோட கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு ரூம், பதினாலுக்குப் பன்னெண்டு, கூடவே ஒரு பாத்ரூம், சக்கர நாற்காலி போறதுக்கு ஒரு சாய்வுப் பாதை. காரணம் என்னன்னா புருஷனுக்குப் பக்கவாதம். தேவாசீர்வாதம்னு பேரு, மலை ரயில்ல பிரேக்ஸ்மேனா இருந்தவர். வீட்ல பாத்ரூம் ரெண்டும் மாடியில. பதினேழு படி. அவரால ஏற முடியாது. இதான் கதை. ஆளுக்கு உடம்பு சரியில்லைன்னா ஆளை மாத்தி வைக்கணும், நூத்தி நாப்பது வருஷத்து வீட்டை மாத்தக் கூடாது. கீழே ஊர்ல எத்தனை பிளாட் காலியா கிடக்கு. லிப்ட் வச்சதே கிடைக்குமே.

பிளான் வரைஞ்சவன் அவ அக்கா மருமகன். டிப்ளமா. வடக்குக் குறியைத் தெற்கே போட்டிருந்தான். அதுக்கே ஒரு தடவை திருப்பி அனுப்பினேன்.

எங்க அஞ்சாவது விதி என்னன்னா, புதுசா கட்டப் போறது எவ்வளவு உசரம், எவ்வளவு அகலம்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி அதே இடத்துல மூங்கில் நட்டு, சுத்தித் துணி கட்டணும். தீர்ப்பு வர்ற வரைக்கும் அது நிக்கணும். அப்பத்தான் ரோட்ல போறவங்க பாத்து ஆட்சேபணை சொல்ல முடியும். நல்ல விதி. ஏழாவது விதி, அந்தச் சாரம் நடுவுல விழுந்துட்டா மனு காலாவதி, முதல்ல இருந்து போடணும். அதுவும் நல்ல விதி.

துணின்னா வெள்ளைக் காடாத்துணின்னு யாருக்கும் தெரியும். விதியில நிறம் எழுதாதது என் தப்பு. அவ என்ன பண்ணினா தெரியுமா? தன்னோட சேலையை எல்லாம் எடுத்துக் கட்டிட்டா. மயில் கழுத்துப் பச்சை ஒண்ணு, வெங்காயத் தோல் கலர்ல ஒண்ணு, பூப்போட்ட நைலக்ஸ் ஒண்ணு. விக்டோரியா காலத்து வீட்டுக்குப் பக்கத்துல நைலக்ஸ்! துரை பாத்திருந்தா அன்னிக்கே கப்பல் ஏறியிருப்பார்.

முதல் தடவை நான் பாக்கப் போனப்போதான் இந்தக் கதவைக் கண்டேன். அதுக்கு முன்னாடி செடி மூடியிருந்துச்சு. நாலடி உசரம், ரெண்டடி அகலம், தேக்கு. தொட்டுப் பாத்தேன். தம்பி, எனக்குக் கை சிலிர்த்துடுச்சு. அது என்ன கதவுன்னு உங்களுக்குச் சொல்லணும். அந்தக் காலத்துல பங்களாவுல தண்ணிக் குழாய், சாக்கடை எதுவும் கிடையாது. கீழே நாலுக்கு அஞ்சு அடியில ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே ஒரு மரப் பெட்டி, பெட்டி மேல துரை உக்காருவார், கீழே பாத்திரம். அந்தப் பாத்திரத்தை எடுக்கறவங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது இல்லையா, அதனால அவங்களுக்குன்னு வெளிய இருந்து ஒரு கதவு. குனிஞ்சு வந்து, எடுத்துக்கிட்டு, குனிஞ்சே போயிடணும். துரை கண்ணுல பட மாட்டாங்க. எவ்வளவு நேர்த்தியா யோசிச்சிருக்கான் பாருங்க வெள்ளைக்காரன்! மத்த பங்களாவுல எல்லாம் இந்தக் கதவைச் சுவர் வச்சு அடைச்சுட்டாங்க. எங்க ஊர்லயே மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்.

அவ கட்டற ரூம் நேரா இந்தக் கதவு மேல வந்து உக்காருது.

"ஏம்மா, இந்தக் கதவு என்னன்னு தெரியுமா உனக்கு?"ன்னு கேட்டேன்.

"தெரியும் சார்"னா. "எங்கம்மா பதினெட்டு வருஷம் இதுல வந்து போனவங்க. காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"அப்ப உனக்கே இதோட அருமை தெரிஞ்சிருக்கணுமே"ன்னேன்.

அவ குனிஞ்சு கதவோரத்துல மிச்சம் இருந்த செடியைப் பிடுங்கிப் போட்டா. அப்புறம், "இப்ப அவருக்கும் இதுதான் சார். மாடி ஏற முடியாது. அந்தப் பழைய பெட்டியிலதான் உக்கார வைக்கறேன். நான்தான் வெளிய வந்து எடுக்கறேன்"னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சந்தோஷத்துல. கதவு வெறுமனே இருக்கலை, அது இன்னும் வேலை செய்யுது! லண்டன்லயே இப்ப அப்படி ஒண்ணு இருக்குமாங்கறது சந்தேகம். உடனே நோட்டுல எழுதினேன், மூலப் பயன்பாடு தொடர்வதாகக் கேள்வி, நேரில் கண்டு உறுதி செய்யப்பட வேண்டும்னு. கேள்விப்பட்டதெல்லாம் சாட்சி ஆகாது பாருங்க. என் கண்ணால பாத்தாத்தான் என் பேனா எழுதும்.

கூட்டத்துல அவளையும் கூப்பிட்டு உக்கார வச்சோம். "கதவை நான் உடைக்கலையே சார்"னா. "ஒரு ஆணியைக் கூடப் பிடுங்கலை. அதைச் சுத்தித்தான் ரூம் கட்டறேன். வெளிய இருக்கற கதவு உள்ள வந்துடும், அவ்வளவுதான்."

"உள்ள வந்துட்டா ரோட்ல போறவன் அதை எப்படிம்மா பாப்பான்? நாளைக்கு வர்ற தலைமுறைக்குத் துரைங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"ன்னேன்.

"எங்கம்மா எப்படி வாழ்ந்தாங்கன்னும் தெரியும்ல சார்"னா.

பேராசிரியை அம்மா தலையாட்டினாங்க. அவ கடைசியா பேசிட்டா இல்லையா. நான் இன்னொரு தடவை பேசினேன், என் பக்கம் ஆட்டினாங்க. ஒத்தி வச்சோம்.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணினேன்னா, ஒண்ணும் பண்ணலை. அதான் சாமர்த்தியம். பதினோராவது விதிப்படி ஆய்வு அறிக்கை குடுக்க எனக்குத் தொண்ணூறு நாள் இருக்கு. தொண்ணூறாவது நாள் பகல் பன்னெண்டு மணிக்குள்ள அறிக்கை போகலைன்னா தானா அனுமதி குடுத்த மாதிரி. சரி, அவ்வளவு நாள் ஏன் அவசரப்படணும்? ஜூன் வந்துட்டா எங்க ஊர்க் காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. மூங்கிலாவது சேலையாவது. காத்தே தீர்ப்பு எழுதிடும்னு விட்டுட்டேன்.

அவ விடலை. தினம் காலையில எழுந்து முடிச்சை இறுக்கறா. கிழிஞ்சா வேற சேலை கட்டறா. அது கூடப் பரவாயில்லை. வெயில் அடிச்சா அந்தாளைச் சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்து சேலைக்குள்ள உக்கார வச்சுடறா! நான் காலையில நடக்கப் போறப்போ பாக்கறேன், இன்னும் அனுமதியே கிடைக்காத ரூம்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். "வாங்க என்ஜினியர் சார், ரூமைப் பாருங்க, காத்து நல்லா வருது"ன்னு கூப்பிடறார். வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டுச் சிரிக்கறார். "முப்பது வருஷம் ரயிலை நிறுத்தினவன் சார் நான். உங்க குழு என்னையே நிறுத்தி வச்சிருச்சே"ங்கறார்.

போனேன். போகாம இருந்தா பயந்துட்டேன்னு நினைப்பார். ஒரு வேடிக்கை சொல்றேன், சிரிக்காதீங்க. வாசல்னு விட்டிருந்த இடத்துக்குச் சுத்திக்கிட்டுப் போய்த்தான் உள்ளே நுழைஞ்சேன். வெறும் சேலைதான், தூக்கிட்டு நுழைஞ்சிருக்கலாம். ஏதோ கால் அப்படிப் போயிடுச்சு. டீ குடுத்தா. டீ நல்லாத்தான் இருந்துச்சு, அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டீஸ் அனுப்பினேன், அனுமதிக்கப்படாத கட்டடத்தில் குடியிருப்பதற்கு விளக்கம் கேட்டு. சேலைக்கு நோட்டீஸ் அனுப்பின ஒரே குழு எங்களுதுதான்னு அந்த ஓட்டல் ஆர்க்கிடெக்ட் சிரிச்சான். அவன் சிரிப்பான். அவனுக்கு விதின்னா என்னன்னு தெரியுமா?

தொண்ணூறாவது நாளும் வந்துச்சு. காத்து ஒண்ணும் கிழிக்கலை. சரி, நாமே போய்க் கடைசியா ஒரு தடவை அளந்து, கதவை மறைக்குதுன்னு ஒரு போட்டோ எடுத்து, மறுத்து எழுதிடலாம்னு காலையில ஏழரைக்குப் போனேன். நல்ல மழை. டேப்பைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி ஒரு அடி வச்சேன். பாசி. கால் வழுக்கிடுச்சு. கையில கிடைச்சது மூலைக் கம்பம். பிடிச்சேன். மொத்தச் சாரமும் என் மேல வந்துடுச்சு. மூங்கில், கயிறு, அஞ்சு சேலை, எல்லாம்.

ஏறினதுல இருந்து இந்த மாவுக் கட்டைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க, கேக்கலை. மரியாதை தெரிஞ்சவர். இது அதுதான். வலது மணிக்கட்டு ரெண்டா போச்சு. கணுக்காலும் புரண்டுடுச்சு.

ஜன்னல்ல இருந்து அந்தாள் சத்தம் போட்டிருக்கார். அவ ஓடி வந்தா. ஈரச் சேலைக்குள்ள இருந்து என்னைப் பிரிச்சு எடுத்து, அக்குள்ல கை குடுத்து இழுத்துக்கிட்டுப் போய்ச் சாப்பாட்டு அறை சோபாவுல படுக்க வச்சா. அறுபத்தாறு வயசு, பலம் என்னமோ இருக்கு. என் பையில இருந்து அடிக்கோலை எடுத்து அதையே மணிக்கட்டுக்கு வச்சுக் கட்டினா. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினா, வழியில மரம் விழுந்திருக்கு, ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்னுட்டாங்க.

மணி பத்தரை. பன்னெண்டுக்குள்ள அறிக்கை போகணும். என் கையோ இப்படி. ஆனா எனக்கு ஒண்ணு பளிச்னு தோணுச்சு. சாரம் விழுந்துடுச்சே! ஏழாவது விதி! கதவைப் பத்தி வாதாடவே வேண்டாம், மனு காலாவதி. வலியிலயும் எனக்கு மூளை எப்படி வேலை செஞ்சிருக்கு பாருங்க. யார் விழ வச்சாங்கங்கற கேள்வி விதியில இல்லை. விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான்.

"பேப்பர் பேனா எடும்மா, நான் சொல்றதை எழுது"ன்னேன்.

எழுதினா தம்பி. நான் சொல்லச் சொல்ல எழுதினா. மேற்படி சாரம் இன்று காலை ஆய்வின்போது விழுந்து கிடந்தது, எனவே விதி ஏழின்படி மனு காலாவதியாகிறது. நர்சு இல்லையா, டாக்டர் சொன்னதை எழுதிப் பழக்கம், ஒரு வார்த்தை விடலை. எழுதி முடிச்சுட்டு, "இவ்வளவுதானா சார்? எப்படி விழுந்துச்சுன்னு எழுத வேண்டாமா?"ன்னா.

"தேவையில்லை"ன்னேன்.

அந்தாள் சக்கர நாற்காலியில இருந்து, "சார் சொன்னதை அப்படியே எழுது எப்சிபா, ஒரு எழுத்தை மாத்தாதே"ங்கறார். அதே கோணல் சிரிப்பு.

கையெழுத்துப் போட வலது கை இல்லை. இடது கையில எனக்குக் கோடு கூட வராது. அப்புறம் என்ன, கைநாட்டுத்தான். முப்பத்தி நாலு வருஷம் கையெழுத்துப் போட்டவன்! வீட்ல மை இல்லை. புண்ணுக்குப் போடற ஊதா மருந்து ஒரு பாட்டில் வச்சிருந்தா, அதைத் தடவி என் கட்டை விரலைப் பிடிச்சு அழுத்தினா. கைநாட்டுக்குக் கீழே வழக்கமா எழுதற மாதிரி, படித்துக் காட்டப்பட்டது, எழுதியவர் எப்சிபா, சாட்சி தேவாசீர்வாதம்னு போட்டு ரெண்டு பேரும் கையெழுத்தும் போட்டாங்க.

கொண்டு போய்க் குடுத்தது யாருங்கறீங்க? அவளேதான். குடையைப் பிடிச்சுக்கிட்டு, மரம் விழுந்த ரோட்ல நடந்தே போய், பதினொண்ணு அம்பதுக்குக் குடுத்திருக்கா. பத்து நிமிஷம் வழியில நின்னு மூச்சு வாங்கியிருந்தா அவளுக்கு அனுமதி தானா கிடைச்சிருக்கும். அது கூடத் தோணலை பாருங்க. அவ்வளவுதான் புத்தி. இந்த மாதிரி ஆளுங்க கையில பங்களா!

ஆனா குழுத் தலைவரா வந்திருக்கற புது அதிகாரி, சின்ன வயசுப் பொண்ணு, அந்தப் பேப்பரைப் பாத்துச்சாம். ஊதாக் கைநாட்டு. மனு போட்டவ கையெழுத்துல மனுவைத் தள்ளுபடி பண்ணி ஒரு அறிக்கை. "என்னம்மா இது?"ன்னு கேட்டிருக்கு. அவ நடந்ததைச் சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு விதிப் புத்தகத்தை எடுத்துப் படிச்சிருக்கு. ஒன்பதாவது விதி, சம்பந்தப்பட்டவர் கையால் எழுதிய அறிக்கை செல்லாது. நான் எழுதின விதி. என் பேனாவால. பன்னெண்டு மணி வரைக்கும் காத்திருந்து, செல்லத்தக்க அறிக்கை வரவில்லை, எனவே அனுமதி வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும்னு எழுதி சீல் வச்சுடுச்சு.

ஊர் முழுக்கச் சிரிக்குது. டீக்கடையில என் கட்டை விரலைப் பாக்கறாங்க. மேல்முறையீட்டு மனுவை எழுதித் தர ஊர்ல ஒரு ஆள் கிடைக்கலை தம்பி. டைப் அடிக்கறவனைக் கேட்டா, எங்கம்மாவுக்குக் கடைசியில ஊசி போட்டது எப்சிபாக்காதான் சார், என்னால முடியாதுங்கறான். டிசி எழுதிக் குடுக்கற பள்ளிக்கூட கிளார்க் கூட முடியாதுன்னுட்டான். நன்றி உணர்ச்சியாம். சட்டத்துல ஏது நன்றி?

உங்க சட்டைப் பையில பேனா இருக்கு. எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. வெள்ளைப் பேப்பர் என் பையில இருக்கு. வண்டிதான் நிக்குதே, கை ஆடாது. நீங்க சம்பந்தப்படாத ஆள், ஒன்பதாவது விதி உங்களைத் தொடாது. பத்து வரிதான்.

எழுதுங்க. பெறுநர்னு போட்டு ரெண்டு வரி இடம் விடுங்க. ஐயா. அப்புறம் பாருங்க, அறிக்கை செல்லாதுன்னதை நாம தொடக் கூடாது, அது என் விதி, அதுல நான் மாட்டிக்குவேன். கதவை வச்சுத்தான் போகணும். கதவு ஒண்ணுதான் நம்ம கையில இருக்கற சாட்சி. எழுதுங்க. மேற்படி கட்டடத்தின் கிழக்குச் சுவரில் உள்ள நாலடிக் கதவு, நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழுதின்றி, அதன் மூலப் பயன்பாட்டிலேயே இன்றும் உள்ளது. இதை நான் நேரில் கண்டு உறுதி செய்கிறேன். எழுதிட்டீங்களா?

ஏன் நிறுத்திட்டீங்க?

எப்பக் கண்டேனா? அது எதுக்கு இப்ப? கண்டேன்னா கண்டேன்.

அதிகாரியும் கேப்பார்ங்கறீங்க. தேதி, நேரம், சூழ்நிலை. ஆமா. நானா இருந்தாலும் கேப்பேன்.

அன்னிக்குத்தான். அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி. ஒன்பதரை மணி இருக்கும். காலையில ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டிருந்தேன். அதைப் போட்டா அரை மணிக்கு ஒரு தடவை போகணும், உங்க வயசுல தெரியாது. சோபாவுல எவ்வளவு நேரம் அடக்கறது? பாத்ரூம் மாடியில. பதினேழு படி. எனக்குக் கணுக்கால் இப்படி வீங்கிக் கிடக்கு. நான் வாயைத் திறக்கலை. அந்தாள்தான் என் முகத்தைப் பாத்துட்டு, "எப்சிபா, சாரைக் கொண்டு போய் என் பெட்டியில உக்கார வை"ன்னார். ஒரு சிரிப்பு கூட இல்லை அப்ப.

உக்கார வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. நாலுக்கு அஞ்சு அடி. துரை உக்காந்த பெட்டி. ரெண்டு கையும் நல்லா இருக்கறவங்களே அங்க தடுமாறணும், நான் ஒத்தைக் கையில. முடிஞ்சுது. நான் முடிஞ்சுதுன்னு சொல்லக் கூட இல்லை. எழுந்திரிக்கவும் முடியலை. அப்ப பின்னால அந்தச் சின்னக் கதவு திறந்துச்சு. கீல் சத்தமே போடலை, எண்ணெய் விட்டு வச்சிருக்காங்க. மழைக் காத்து முதுகுல பட்டுச்சு.

ஒரு கை உள்ளே வந்துச்சு. கை மட்டும்தான் தெரிஞ்சுது. ஆள் குனிஞ்சிருக்காங்க இல்லையா, முகம் தெரியாது. அப்படித்தானே அதைக் கட்டியிருக்கான். நனைஞ்ச கை. நரம்பு தெரியுது. என்னை இழுத்ததுல என் சட்டைப் பொத்தான் கீறி, புறங்கையில ரத்தம். பாத்திரத்தைப் பிடிச்சுது. சிந்தாம, மெதுவா, சத்தம் வராம எடுத்துச்சு. இத்தனை வருஷம் பழகின கை மாதிரி. அவங்கம்மா சொல்லிக் குடுத்திருக்கணும், இல்லைன்னா எங்க நின்னாவது பாத்திருக்கணும். அப்புறம் கதவு மூடிக்கிச்சு.

பிளண்டல் துரை எத்தனை வருஷம் அது மேல உக்காந்திருப்பார். அவர் ஒரு நாளும் திரும்பிப் பாத்திருக்க மாட்டார். நான் பாத்துட்டேன் தம்பி.

கையைக் கழுவிட்டு வந்து என்னைத் தூக்கிக்கிட்டுப் போய்த் திரும்பச் சோபாவுல விட்டாங்க. மருந்து போட்டுக்கோம்மான்னு கூடச் சொல்லலை நான். பேப்பர் பேனா எடுன்னேன்.

இல்லை, வேண்டாம். அந்த வரியை அடிச்சிடுங்க. நேரில் கண்டேங்கறதை அடிச்சிடுங்க. கண்டேன்னு போட்டா எப்பன்னு கேப்பான், என்னால அவன் முன்னாடி நின்னு இதைச் சொல்ல முடியாது. அதை அடிச்சா முன் வரியும் நிக்காது. அதையும் அடிங்க. நல்லா அடிங்க, எழுத்துத் தெரியக் கூடாது.

இப்ப படிங்க, என்ன மிச்சம் இருக்குன்னு பாப்போம்.

பெறுநர். ஐயா.

அவ்வளவுதானா?

பேனாவை மூடாதீங்க. லாரியை இன்னும் நகத்தலை, நேரம் இருக்கு. வேற காரணம் ஏதாவது இருக்கும்.